மலையேற எடை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். லீவுக்குக் கோத்தகிரி வந்திருக்கிறேன். வேலை நியூசிலாந்தின் தெற்குத் தீவில். அங்கே துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிட்டேன்.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிடையாது, அதுதான் சரி. நம் வரையாட்டை யாரும் தொடக்கூடாது. அங்கே நிலைமை வேறு. 1904-ல் கொண்டுபோய் விட்ட இமயமலை வரையாடுகள் பெருகி மலைச் செடிகளை அழிக்கின்றன. அரசே எண்ணிக்கையைக் குறைக்கிறது. செம்மானும் காட்டு ஆடும்கூட உண்டு.

எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள்தான் வாங்க முடியும்; ஒவ்வொரு முறை சுட்டதும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வகை. டிக்கா டி3எக்ஸ் லைட் பார்த்து வைத்திருக்கிறேன், சுமார் 3 கிலோ. ஸ்கோப், வார், தோட்டா எல்லாம் சேர்ந்தால் 4-ஐ நெருங்கும். நேற்று துணிப்பையில் 4 கிலோ அரிசியைக் கட்டித் தோளில் மாட்டி, வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் ஏறினேன். அரை மணி நேரத்தில் தோள் சிவந்து, மூச்சு வாங்கியது. ஒரு கிலோவைக் கொட்டிவிட்டு ஏறினால் அவ்வளவு வித்தியாசம்!

ஆனால் எடை குறைந்தால், சுடும்போது தோளில் இடிக்கும் உதை கூடுமே. தோட்டா வகையில் .308-ஆ, 7 மி.மீ.-08-ஆ? இரண்டாவதில் உதை கொஞ்சம் குறைவு. பெரிய செம்மானுக்கு அது போதுமா? குறி தப்பிக் காயத்தோடு ஓடவிடுவதுதான் என் பெரிய பயம். மழை அதிகம், ஸ்டெயின்லெஸ் குழல் எடுக்கலாமா?

அங்கே மலையில் சுமந்து நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அடுத்த மாதம் திரும்புகிறேன்.