பழைய ஷெர்மன் கிட்டுக்கு ரெசின் பார்ட்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஆலிவ்_டிராப் எழுதியது:

வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். டமியா கம்பெனியோட 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட், ரெண்டாம் உலகப் போர் அமெரிக்க டாங்க் ஷெர்மன் எம்4ஏ3 (75 மி.மீ. பீரங்கி), 1981ல வந்த பழைய அச்சு, ஒரு சீனியர்கிட்ட இருந்து பிரிக்காத பாக்ஸாவே கிடைச்சுது. 1944 டிசம்பர்ல பெல்ஜியத்துல பாஸ்டோன் ஊரை மீட்கப் போன அமெரிக்க ஜெனரல் பேட்டனோட 3வது ஆர்மி, அதுல 4வது ஆர்மர்ட் டிவிஷன் டாங்க்கா பண்ணணும்னு ஆசை, சேறு பனி எல்லாம் போட்டு. நெட்ல தேடப்போனா இந்தக் கிட்டுக்குத் தனியா போடுற பார்ட்ஸ் ரெசின்ல (அச்சுல ஊத்தி இறுக வைக்கிற பொருள்) என்னென்னவோ இருக்கு, முன்னாடி அடுக்குற மணல் மூட்டை, பக்கவாட்டுல ஒட்டுற எக்ஸ்ட்ரா கவசத் தகடு, சக்கரம், டிரான்ஸ்மிஷன் கவர், முழு டரட் (பீரங்கி இருக்குற, சுழலும் மேல்பகுதி), பின்னாடி ஏத்துற பெட்டி படுக்கை. எல்லாத்தையும் கூட்டினா கிட் விலைய விட மூணு மடங்கு வருது. மணல் மூட்டை செட் மட்டும் ஏற்கனவே வாங்கி வச்சிட்டேன், தகடு செட்டும் கார்ட்ல இருக்கு. ரெசின் இதுவரைக்கும் கையால தொட்டதில்ல. எதுக்கு காசு போட்டா உண்மையிலேயே பாக்குறவங்க கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்?

ரிவெட்_மணி எழுதியது:

தம்பி, கார்ட்ல இருக்குற தகடு செட்ட முதல்ல எடுத்துடுங்க, காரணம் சொல்றேன்.

அந்தத் தகடு எதுக்கு வந்துச்சுன்னா, ஆரம்பகால ஷெர்மன்ல குண்டு அடுக்குற ரேக் டிராக்குக்கு (சக்கரத்தைச் சுத்தி ஓடுற இரும்புப் பட்டை) மேல இருக்குற பக்கவாட்டு அறைலதான் இருந்துச்சு, அங்க அடி விழுந்தா வண்டி அப்படியே தீப்பிடிச்சு எரியும். அதனாலதான் ரேக் இருக்குற இடத்துக்கு நேரா வெளிய வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ஒண்ணுன்னு தகடு வெல்ட் பண்ணாங்க. உங்க கிட் 47 டிகிரி முன்தகடும் பெரிய ஹேட்சும் (ஆள் ஏறி இறங்குற மூடி) உள்ள பிந்தைய எம்4ஏ3. அதுல குண்டை எல்லாம் தரைக்கு இறக்கி சுத்தி திரவம் நிரப்பின பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க, வெட் ஸ்டோவேஜ்னு சொல்றது அதைத்தான். பக்கவாட்டுல குண்டே இல்லாதப்ப அங்க எதுக்கு தகடு? ஒட்டினீங்கன்னா விவரம் தெரிஞ்சவங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும்.

மணல் மூட்டையும் அதே கதைதான், சொல்றதுக்கே வருத்தமா இருக்கு ஏன்னா காசு போட்டு வாங்கிட்டீங்க. மூட்டை கட்டின ஷெர்மன்னா நம்ம மனசுல வர்ற படமெல்லாம் பெரும்பாலும் இன்னொரு அமெரிக்கப் படையான 7வது ஆர்மி வண்டிங்க, 14வது ஆர்மர்ட் டிவிஷன்ல எல்லாம் இரும்பு ஃபிரேம் அடிச்சு வரிசையா அடுக்கியிருப்பாங்க. பேட்டனுக்கு மணல் மூட்டையே ஆகாது, பாரம் ஏறி சஸ்பென்ஷனும் டிரான்ஸ்மிஷனும் போயிடும்னு தடுத்துட்டார். 1945 ஆரம்பத்துல அவரோட ஆர்மி செஞ்சது வேற, அடிபட்டுக் கிடந்த டாங்க்ல இருந்து தகடு வெட்டி முன்னாடி வெல்ட் பண்ணாங்க. நீங்க எடுத்திருக்கிற டிசம்பர் மாசத்துக்கு அதுவும் வராது. செட்ட தூக்கிப் போடாதீங்க, பத்திரமா வைங்க, அடுத்த ஷெர்மனை 7வது ஆர்மி வண்டியா பண்ணிக்கலாம்.

நான் இருபது வருஷமா பண்ற ஒரே வழக்கம் இதுதான், ஒரு குறிப்பிட்ட வண்டியோட ஒரு போட்டோவ எடுத்து மேஜை மேல ஒட்டிட்டுதான் ரெசின் பார்க்கவே ஆரம்பிப்பேன். படத்துல இருக்குறது கிட்ல இல்லைன்னா மட்டும் வாங்குவேன்.

கடலோரம்72 எழுதியது:

ரிவெட் அண்ணன் சொன்னதுக்கு மேல வரலாறு பேச எனக்கு ஒண்ணும் இல்ல, கை வேலைய மட்டும் சொல்றேன் ப்ரோ.

ரெசின் பார்ட் வந்த உடனே பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட் வச்சு நல்லா தேச்சுக் கழுவுங்க. சிலிக்கான் அச்சுல இருந்து எடுக்க ஒரு எண்ணெய் மாதிரி தடவுவாங்க, அது மேல ஒட்டிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் கழுவாம ஒரு டரட்டுக்கு பிரைமர் (அடிப் பூச்சு) அடிச்சு, ரெண்டு கோட் பச்சை அடிச்சு, ஸ்டார் மார்க்குக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரிச்சேன், டேப்போட சேர்ந்து பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு, கீழ வெறும் மஞ்சள் ரெசின். மூணு வாரத்து வேலை.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம் போடுங்க, என்95 போடுங்க, துணி மாஸ்க் பத்தாது. அந்தத் தூள் மாவு மாதிரி இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. வாட்டர் பேப்பரைத் தண்ணில நனைச்சு ஈரத்தோடவே தேய்ங்க, 400 அப்புறம் 800. வீட்ல குழந்தைங்க இருந்தா தேச்ச தண்ணிய உடனே கொட்டி மேஜையத் துடைச்சிடுங்க.

அப்புறம் கிட்டுக்குப் போடுற பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினைப் பிடிக்காது, அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுற சரக்கு, ரெசின் உருகாது. ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ, இல்லைன்னா அரால்டைட். டிரான்ஸ்மிஷன் கவர் மாதிரி கனமான பீஸுக்கு அரால்டைட்தான் நல்லது, சரியா நகர்த்தி வைக்க நேரம் கிடைக்கும். இங்க சென்னைல மழைக்காலத்துல சூப்பர் க்ளூ போட்டா ஓரமெல்லாம் வெள்ளை பூத்துடுது, அதனால ஒட்டின இடத்துல ஃபேன் காத்து லேசா படுற மாதிரி வச்சிடுவேன். பீப்பாய், அதாவது பீரங்கிக் குழல், வளைஞ்சு வந்திருந்தா பயப்படாதீங்க, சூடான தண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து கண்ணாடி மேல உருட்டி அப்படியே பச்சைத் தண்ணில முக்குங்க, நேராயிடும். ஆனா பீப்பாய்க்கு மட்டும் ரெசினே வேண்டாம், நம்ம ஊர் வெயில்ல மறுபடி தொங்கும், கடைஞ்சு எடுத்த அலுமினியம் வாங்கிக்குங்க.

டிராக்_பின் எழுதியது:

சக்கரம் வாங்குறதா இருந்தா வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்துட்டுதான் ஒட்டணும். ஷெர்மன் சக்கரம் நிஜத்துல 20 இஞ்ச், அதாவது 508 மி.மீ., 35ல வகுத்தா 14.5 வரணும். நான் விலை கம்மின்னு ஒரு ஆன்லைன் விற்பனையாளர்கிட்ட வாங்கினது 13.9 இருந்துச்சு. அது ஒரிஜினல் இல்ல, யாரோ செஞ்ச பார்ட்ட மறுபடி அச்சு எடுத்து ஊத்தினது, ஒவ்வொரு தடவை ஊத்தும்போதும் ரெசின் கொஞ்சம் சுருங்கும்ல, காப்பில இருந்து காப்பி எடுத்தா சுருக்கம் சேர்ந்துட்டே போகும். வண்டி தாழ்ந்து உக்காந்துடுச்சு, டிராக் தொளதொளன்னு ஆயிடுச்சு. காசு போனத விட, மாசக்கணக்கா உக்காந்து அச்சு எடுக்குற மூலப் பார்ட்ட (மாஸ்டர்) செதுக்கின கலைஞனுக்கு ஒரு பைசா போகலையேங்கிறதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

நல்ல சக்கரம் கிடைச்சா கண்டிப்பா வாங்குங்க. ரப்பர் ஓரத்துல பிஞ்சு பிஞ்சு போயிருக்கிறத பழைய கிட் காட்டவே காட்டாது. ஆரக்கால் வகையையும் பாருங்க, திறந்த ஆரம் உண்டு, மூடின தட்டு மாதிரி உண்டு, ஒரே வண்டில கலந்தும் இருக்கும், போட்டோ சொல்றபடி போங்க.

லேயர்_லைன் எழுதியது:

இப்பல்லாம் 3டி பிரிண்ட் வந்த அப்புறம் ஊத்தின ரெசின் எதுக்குன்னு கேப்பேன் நான். ஹெட்லைட் கம்பிக் கூண்டு, பெரிஸ்கோப் காப்பு இதெல்லாம் பிரிண்ட்ல வர்ற மெல்லிசு அச்சுல வராது, காத்துக் குமிழியும் இல்ல. ஒரே ஒரு கவனம், பிரிண்ட் ஆகும்போது பார்ட்டத் தாங்குற சப்போர்ட் கம்பிய அப்படியே வெட்டினா பார்ட் சொடக்குன்னு உடையும், வெதுவெதுப்பான தண்ணில போட்டு இளக்கிட்டு நிப்பர்ல பார்ட்ட விட்டுத் தள்ளி வெட்டணும்.

ரிவெட்_மணி எழுதியது:

லேயர்_லைன் தம்பி சொல்ற கம்பிக் கூண்டுக்கு நானும் பிரிண்ட்தான் போடுறேன். ஆனா வளைஞ்ச டரட் மேல படிப்படியா வர்ற கோட்டை தேய்ச்சு எடுக்கப் போனா, வார்ப்பு இரும்போட அந்தச் சொரசொரப்பும் கூடவே போயிடுது, அங்க எனக்கு ஊத்தின ரெசின்தான். காத்துக் குமிழி இருக்கும், உண்மை, அதுவும் டரட் தூக்குற கொக்கிக்கு அடில ஊசி முனை அளவுல ஒளிஞ்சிருக்கும், பிரைமர் அடிச்ச அப்புறம்தான் கருப்புப் புள்ளியா எட்டிப் பார்க்கும். ஓட்டை அடைக்குற புட்டி பசைய ஒரு சொட்டு பல்குச்சியால வச்சா போதும்.

ஆனா முழு டரட் வாங்கணும்னு அவசியமே இல்ல. கிட் டரட் மேல மிஸ்டர் சர்ஃபேஸர் 500ங்கிற பிரைமரை கெட்டியா தடவி, காயுறதுக்குள்ள முடி கொட்டின பழைய பிரஷ்ஷால குத்திக் குத்தி எடுங்க, காய்ஞ்சதும் லேசா தேய்ங்க. டரட், பீரங்கி மேன்ட்லெட் (குழல் வெளிய வர்ற இடத்துக் கவசம்), டிரான்ஸ்மிஷன் கவர் இந்த மூணுக்கும் மட்டும். உங்க வண்டியோட ஹல், அதாவது டரட்டுக்குக் கீழ இருக்குற உடம்பு, உருட்டின தகட்ட வெல்ட் பண்ணது, அது வழவழன்னுதான் இருக்கணும், அங்க குத்திடாதீங்க.

இன்னொண்ணு, அந்தக் கிட்டை கவுத்துப் பாருங்க, டிராக்குக்கு மேல அடித்தளமே இல்லாம ஹல் உள்பக்கம் திறந்து கிடக்கும். அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்ட ரெண்டு பட்டையா வெட்டி அடைச்சுடுங்க, அதுக்கு எந்த ரெசினும் வேண்டாம்.

ஆலிவ்_டிராப் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தகடு செட்ட கார்ட்ல இருந்து எடுத்துட்டேன். சக்கரமும் பின்னாடி ஏத்துற படுக்கை மூட்டையும் மட்டும் வாங்கலாம்னு முடிவு. ஒரு கேள்வி மட்டும், அந்த ரெசின் மூட்டை இன்ஜின் மேல ஒழுங்கா உக்காருமா? படத்துல எல்லாம் அந்தரத்துல நிக்கிற மாதிரி தெரியுது.

ரிவெட்_மணி எழுதியது:

உக்காராது தம்பி, கரெக்டா கவனிச்சிருக்கீங்க. ரெசின் விறைப்பா இருக்கும், நிஜத் துணி கீழ இருக்குற மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி படியும். எம்-சீல் ரெண்டு குச்சியையும் பிசைஞ்சு, முகத்துக்குப் போடுற பவுடர் தூவின கண்ணாடி மேல வச்சு பாட்டிலால அப்பளம் மாதிரி மெல்லிசா உருட்டுங்க. இன்ஜின் மூடி மேல லேசா எண்ணெய் தடவிட்டு அந்தத் துண்ட விரிச்சு, அது இளக்கமா இருக்கும்போதே ரெசின் மூட்டைய மேல வச்சு அழுத்துங்க, ஓரத்தை ஈர விரலால இழுத்து மடிப்பு விடுங்க, அது தார்ப்பாய் ஆயிடும், இடைவெளியும் மறைஞ்சிடும். இறுகினதும் மொத்தமா கழட்டி எடுத்து தனியா பெயிண்ட் அடிச்சு அப்புறம் ஒட்டிக்கலாம். மூட்டைய கட்டுற கயிறு மேல இருந்து இறங்கி வண்டில ஏதோ ஒரு கொக்கில போய் முடியணும், பாதிலயே அறுந்து நிக்கக் கூடாது.