வெப் ஆர்க்கிடெக்சர் புத்தகம்: எதைப் பார்த்து வாங்குவது?

வெப் அப்ளிகேஷனின் பாகங்களை எப்படி அமைப்பது என்று சொல்லும் புத்தகம், டீம் மொத்தத்துக்கும் ஒன்றுதான் வாங்க முடியும். மார்ட்டின் ஃபவுலரின் 'பேட்டர்ன்ஸ் ஆஃப் என்டர்பிரைஸ் அப்ளிகேஷன் ஆர்க்கிடெக்சர்' (2002) வாங்கலாமா, மார்ட்டின் கிளெப்மனின் 'டிசைனிங் டேட்டா இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்' (2017) வாங்கலாமா?

முதலாவதில் உதாரண புரோகிராம் கோடு பழசு. ஆனால் இருவர் ஒரே ரெக்கார்டைத் திறந்து அடுத்தடுத்து சேவ் செய்தால் முதல் ஆளின் மாற்றம் அழிந்துபோகுமே, அதை வெர்ஷன் நம்பர் வைத்துத் தடுக்கும் முறை இன்றும் செல்லும். இரண்டாவது ரெப்ளிகேஷனில் (ஒரே டேட்டாவைப் பல சர்வர்களில் நகலாக வைப்பது) கெட்டி: எழுதுவது லீடரில் (முதன்மை சர்வர்), படிப்பது பின்தங்கிய ஃபாலோயரில் (நகல் சர்வர்) என்றால் இப்போது போட்ட கமெண்டே ஏன் தெரிவதில்லை என்று விளக்கும். ஸ்கிரீன், ஃபார்ம் பக்கம் எட்டிப் பார்க்காது.

பேமெண்ட் ரிக்வெஸ்ட் டைம்அவுட் ஆகி (குறித்த நேரத்தில் பதில் வராமல் போய்) மறுபடி வந்தால் இரண்டு முறை பணம் பிடிக்காமல் தடுப்பது எப்படி? இதற்குப் பதில் இருக்கிறதா என்றுதான் இண்டெக்ஸில் முதலில் தேடுகிறேன். நீங்கள் எதைத் தேடுவீர்கள்? மூன்று ஜூனியர்கள் இருக்கிற டீமுக்கு இவற்றில் எது சரிவரும்?