மறு: 'மருந்து விநியோகம்' பொருந்தவில்லை, 'நனோப்பொதி' சரிவருமா?

சேர், வணக்கம்.

> 'ட்ரக் டெலிவரி'க்கு 'மருந்து விநியோகம்' என்பது பழகிவிட்டதே பிள்ளை. பிறகேன் புதுச்சொல்?

மருந்தை உடலுக்குள் உரிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் முறைக்கு நம் அகராதியில் என்ன சொல் போடுவது என்பதுதான் கேள்வி. 'மருந்து விநியோகம்' பழகியது உண்மைதான். ஆனால் விநியோகம் என்றால் அரிசி, மா, மண்ணெண்ணெய் போலப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. இங்கே நடப்பது வேறு. பச்சைத் தேயிலையில் உள்ள கற்றெச்சின் என்ற சேர்வைகளில் முக்கியமானது ஈ.ஜி.சி.ஜி.; மருந்தாக ஆராயப்படும் இது அமிலத்தில் நிற்கும், சிறுகுடலின் நடுநிலை, காரச் சூழலில் சிதையும். குடித்ததில் மிகச் சிறு பங்குதான் இரத்தத்துக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் அதை நனோ அளவுள்ள ஒரு துணிக்கைக்குள் வைத்து அனுப்பப் பார்க்கிறார்கள். உள்ளே வைப்பது, சுமந்து போவது, அவிழ்த்து விடுவது என்று இதில் மூன்று வேலை இருக்கிறது. பொதித்தல், காவுதல், விடுவிப்பு என்று தனித்தனியாக எழுதுவோம். துணிக்கைக்கு 'நனோப்பொதி'.

'நுண்காவி' ஏன் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். நுண்ணங்கி என்று எழுதும்போதே 'நுண்' மைக்ரோவுக்குப் போய்விட்டது. நனோ அதிலும் 1000 மடங்கு சிறியது. 'காவி' நம் பாடநூல்களில் நோய்க்காவியாக நிற்கிறது, தமிழகத்தில் நிறமாகிவிடும். இன்னொன்று: 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஈ.ஜி.சி.ஜி.யின் சிறு தொடர்களையே கொண்டு ஹெர்செப்டின் என்ற மார்புப் புற்று மருந்தைச் சுற்றிப் பொதிந்தார்கள். அங்கே சுமப்பதும் மருந்து, சுமக்கப்படுவதும் மருந்து. காவி என்றால் அது வெறும் கூடையாகிவிடுகிறது. பொதி என்றால் துணியும் உள்ளிருப்பதும் சேர்ந்தே பொதி.

பொதித்தலை ஒரு செய்முறையில் வைத்துப் பாருங்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைற்றோசான் 20 மில்லிகிராமை 1 சதவீத அசற்றிக் அமிலம் 10 மில்லிலீற்றரில் கரைத்து, பீ.எச். 5 அளவுக்குக் கொண்டுவந்து, அதிலேயே ஈ.ஜி.சி.ஜி.யைச் சேர்க்க வேண்டும். கைற்றோசானைப் பிணைத்துத் துணிக்கையாக்குவது மற்றக் குவளையில் உள்ள டிரைபொலிபொஸ்பேற்று என்ற உப்பு. அதன் கரைசல் காரமானது. அதில் போட்டால் துணிக்கை உருவாகுமுன்பே ஈ.ஜி.சி.ஜி. பழுப்பேறிவிடும். அந்தக் கரைசலை மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் செறிவில் எடுத்து, கலக்கியபடியே 4 மில்லிலீற்றரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கைற்றோசானுக்கும் அதற்கும் 5:1. திரவம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மங்கும்போது துணிக்கை பிறந்துவிட்டது. வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கினால் பொஸ்பேற்று மிஞ்சிவிட்டது, அல்லது அவசரப்பட்டு ஊற்றியாயிற்று.

சொல் குழம்பினால் கணக்கும் குழம்பும் இடம் அடுத்தது. 10 மில்லிகிராம் போட்டதில் 6 உள்ளே போனால் 'பொதிவு வீதம்' 60 சதவீதம். உலர்ந்த துணிக்கை மொத்தம் 50 மில்லிகிராம் என்றால் 'ஏற்றளவு' 12 சதவீதம். இரண்டையும் 'செயற்றிறன்' என்றே மொழிபெயர்க்கிறார்கள்! 60ஐப் பார்த்தவர் துணிக்கையில் பாதிக்கு மேல் மருந்து என்று நினைப்பார். இன்னும் மோசமான பிழை, சுழற்றிப் பிரித்த மேல்திரவத்தில் மிச்சத்தை அளந்து, போட்டதிலிருந்து கழிப்பது. அந்த நேரத்துக்குள் சிதைந்ததும் 'உள்ளே இருக்கிறது' என்று கணக்கில் ஏறிவிடும். ஆகவே துணிக்கையை உடைத்து நேரே அளந்ததற்கு மட்டுமே 'பொதிவு' என்று எழுதுவோம். கழித்து வந்ததை 'கழிப்பு மதிப்பு' என்று குறித்துவிடலாம்.

ஈ.ஜி.சி.ஜி. காரத்தில் பழுப்பேறுவதற்கும் 'நொதித்தல்' என்ற சொல் வேண்டாம். தேயிலை ஸ்டோரில் உருட்டிய கொழுந்து நிறம் மாறுவது இலையின் சொந்த நொதியத்தால். நுண்ணங்கிக்கு அதில் வேலையில்லை, ஆனாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. குவளையில் நடப்பதற்கு நொதியமே தேவையில்லை. வெறும் ஒட்சியேற்றம்.

தலவாக்கலையிலிருந்து

—

பிள்ளை,

பொதி எனக்குச் சம்மதம். பொதிமாடு காலத்துச் சொல், கேட்டவுடன் விளங்கும்.

2009இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகக் குழு இதே ஈ.ஜி.சி.ஜி.க்காக உருவாக்கிய 'நனோகீமோபிரிவென்ஷன்' என்பதையும் பார்க்க வேண்டும். 'வேதித்தடுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். தீத்தடுப்பு தீயைத் தடுப்பது, கொசுத்தடுப்பு கொசுவைத் தடுப்பது. அப்படியானால் வேதித்தடுப்பு எதைத் தடுக்கிறது? 'மருந்துவழிப் புற்றுத்தடுப்பு' நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது. முன்னே 'நனோ' சேர்த்துக்கொள்ளலாம்.

'இலக்கு' என்ற சொல்லையும் அளந்து போட வேண்டும். இரத்தத்தில் ஏற்றும் துணிக்கைகளில் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. புற்றுக்கட்டியின் பிசகான இரத்தக்குழாய் வழியே கசிந்து போய்ச் சேர்வதை 'தேங்கல்' என்போம். கலத்தின் மேலுள்ள குறிப்பிட்ட ஏற்பியைப் பற்றும் மூலக்கூறு மேலே ஒட்டியிருந்தால் மட்டும் 'இலக்குப்பற்று'.

இதில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் 'பச்சைத் தேயிலை புற்றுநோயைத் தாக்கும்' என்று தலைப்புப் போட்டால், சிகிச்சையில் இருப்பவர் குளிசை வாங்கிப் போடுவார். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. குளிசையாக எடுத்தவர்களில் ஈரல் நொதியங்கள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சுட்டிக்காட்டியது. என்புமச்சைப் புற்றுக்குக் கொடுக்கும் போட்டிசோமிப்பை ஈ.ஜி.சி.ஜி. பற்றிக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுப்பதும் ஆய்வுகூடத்திலும் எலியிலும் கண்டது. அகராதிப் பதிவிலேயே 'ஆய்வு நிலை' என்ற குறி இருக்கட்டும்.

ஒன்று மிச்சம். துணிக்கையின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த மருந்து முதல் சில மணித்தியாலத்தில் குபீரென்று வெளியேறுமே, அதற்கு 'வெடிவிடுவிப்பு' என்று போட்டிருக்கிறாய். அங்கே எதுவும் வெடிக்கவில்லை. 'முன்கசிவு' எப்படி?

ஹட்டனிலிருந்து