1996 சைக்கிள் சின்னத் துண்டறிக்கை யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, எங்கள் ஊர்க் காங்கிரஸ் தொண்டர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1996இல் தமிழகத் தொண்டர்களின் பேச்சைக் காதில் வாங்காமல் காங்கிரஸ் தலைவரும் அன்றைய பிரதமருமான நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வுடன் கூட்டணி வைத்தார். தமிழகக் காங்கிரஸின் மூத்த தலைவர் மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். சைக்கிள் சின்னத்தில் நின்ற அந்தக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 39 இடங்கள், மக்களவையில் 20. டெல்லிக்கு அது வேண்டியதுதான் என்பது என் கருத்து!

என் தாத்தா வீட்டுச் சுவரில் தாமே வரைந்திருந்த கைச் சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு சைக்கிள் வரைந்தார். மழை பெய்தால் சக்கரத்துக்குள் ஐந்து விரல்களும் மங்கலாகத் தெரியும்.

அந்தத் தேர்தலின் துண்டறிக்கை, உறுப்பினர் அட்டை, சுவர் விளம்பரப் புகைப்படம் ஏதாவது வைத்திருப்பவர்கள் படம் எடுத்து அனுப்ப முடியுமா? 2002இல் கட்சி மீண்டும் காங்கிரஸில் இணைந்தபோது உங்கள் ஊரில் யார் போனார்கள், யார் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.