ரிச்சி தெருவுக்கு யார் போவது?

குழு: மாம்பலம் வீடு

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாகங்கள் வாங்கி, காலேஜ் ப்ராஜெக்டுக்குக் கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்யப் போகிறேன். கையில் 40 ஆயிரம். முரளி சித்தப்பா, இது சரியா? ரைசன் 5 7600 பிராசசர், டிடிஆர்4 ரேம் 8 ஜிபி, ஃபைல் வைக்க 500 ஜிபி எஸ்எஸ்டி, லைட் எரியும் கேபினெட்.

பாலு மாமா: ரெடிமேடாக வாங்கினால் என்ன?

ராஜி அத்தை: சனிக்கிழமை அம்பத்தூர் வளைகாப்புக்கு யார் யார்? வேன் சொல்ல வேண்டும்.

முரளி சித்தப்பா: கார்த்தி, 7600 உட்காருவது ஏஎம்5 சாக்கெட்டில். அந்த மதர்போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான். டிடிஆர்4 ரேமில் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளேயே போகாது. நீ ரைசன் 5 5600ஜி பிராசசர் எடு. ஏஎம்4 போர்டு, டிடிஆர்4, 6 கோர். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, தனி கார்டு பிறகு பார்க்கலாம். ஆனால் கார்டு இல்லாதபோது திரையில் படம் காட்டவும் இந்த ரேம்தான் உழைக்க வேண்டும். அதனால் 8 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டாக வாங்கு. எந்த ஸ்லாட்டில் போடுவது என்று போர்டு புத்தகத்தில் இருக்கும்.

அம்மா: ஷாக் அடிக்காதா?

கார்த்தி: உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோடு சேர்த்தே தருகிறார்களாம். 2 ஆயிரம் மிச்சம்.

முரளி சித்தப்பா: அது மட்டும் வேண்டாம்.

முரளி சித்தப்பா: 2009இல் நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒரு மழை நாளில் கரண்ட் போய் வந்தது, கருகல் வாசனை. போர்டும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து போயின. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம் அத்தனையும் அதில்தான் இருந்தது.

ராஜி அத்தை: சிடியில் போடச் சொல்லி எத்தனை முறை சொன்னேன் முரளி.

பாலு மாமா: ராஜி, விடு.

பெரியப்பா: அந்தக் கல்யாணத்து ஆல்பம் ஒன்று இங்கே பரணில் இருக்கிறது.

ராஜி அத்தை: அண்ணா! இத்தனை வருடம் சொல்லவே இல்லையே!

பெரியப்பா: யாராவது வீட்டுக்கு வந்தால்தானே.

முரளி சித்தப்பா: கார்த்தி, எஸ்எம்பிஎஸ் தனியாகவே வாங்கு. 80 பிளஸ் முத்திரை கரண்டை வீணாக்காததற்குத்தான். அதை மட்டும் நம்பாமல் நல்ல கம்பெனியா, வாரண்டி எத்தனை வருடம் என்று கேள். 450 வாட்ஸ் போதும், கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550. லைட்டுக்குப் போகிற பணத்தை இதில் போடு.

கார்த்தி: லைட் மட்டும் இருக்கட்டுமே சித்தப்பா.

அம்மா: ரிச்சி தெருவுக்குத் தனியாக அனுப்ப மாட்டேன்.

பாலு மாமா: ஞாயிறு நான் வண்டியில் கூட்டிப் போகிறேன்.

முரளி சித்தப்பா: ஞாயிறு அங்கே பெரும்பாலும் கடை இருக்காது மாமா. வண்டி நிறுத்தவும் இடமில்லை. மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம்.

கார்த்தி: அப்போ சனி காலை?

ராஜி அத்தை: சனி வளைகாப்பு!!

முரளி சித்தப்பா: திங்கள் லீவு கிடைக்குமா என்று பார்க்கிறேன். அண்ணா, ஆல்பத்தை அம்பத்தூருக்குக் கொண்டு வாருங்கள். கார்த்தி கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி வைக்கலாம்.

பெரியப்பா: பரணில் ஏற ஆள் வேண்டும்.

ராஜி அத்தை: வேனுக்கு எத்தனை பேர், யாரும் சொல்லவில்லை.