அப்பாவின் கல்லீரல் கட்டி: ஊசி வழியே சூடு வைத்தால் போதுமா?

கேள்வி:
அப்பாவுக்கு வயது 68. ஹெபடைட்டிஸ் பி-யால் கல்லீரல் சுருங்கிவிட்டது. இப்போது அதில் 2.4 செ.மீ. புற்றுநோய்க் கட்டி. அறுவைச் சிகிச்சை தாங்காது, மைக்ரோவேவ் அப்லேஷன் (ஊசி வழியே மைக்ரோவேவ் சூட்டால் கட்டியை அழிப்பது) செய்யலாம் என்கிறார்கள். கட்டியை வெளியே எடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
என் அம்மாவுக்குச் செய்தோம். ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாக ஊசியை இறக்கிச் சூடேற்றுகிறார்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே செத்துவிடும். அப்புறம் அது வெறும் தழும்பு, மெல்லச் சுருங்கும். சுற்றிலும் அரை முதல் ஒரு செ.மீ. வரை நல்ல திசுவையும் சேர்த்தே சுடுவார்கள். மறுநாள் லேசான காய்ச்சல், வலது தோளில் வலி. கல்லீரலுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று பயந்தே போனோம்! உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தினால் அப்படித்தான் வலிக்குமாம்.

பதில் 2:
3 செ.மீ.க்குள் என்பது நல்ல விஷயம். பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், ஓரத்தில் செல்கள் தப்பிக்கும். ரேடியோ அலையால் சூடேற்றும் முறையைவிட மைக்ரோவேவில் இந்தத் தொல்லை குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா?

கேட்டவர்:
ஆஸ்பிரின் எடுக்கிறார். டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். கட்டி திரும்ப வருமா?

பதில் 1:
வரலாம், பெரும்பாலும் வேறு இடத்தில். சுருங்கிய கல்லீரல் அப்படியேதானே இருக்கிறது? அதனால்தான் ஒரு மாதம் கழித்து ஸ்கேன், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. ஹெபடைட்டிஸ் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.