மறு: ‘ஃபைல் மைக்ரேஷன்’ – ‘கொண்டுசேர்ப்பு’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். மென்பொருள் உதவிப் பக்கத் தமிழாக்கத்தில் நூற்றுக்கணக்கான வரிகளைத் தாண்டி வந்த நம்மை ஒரே ஒரு வரி நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினியில் இருப்பதையெல்லாம் புதிய கணினிக்கு மாற்றுகிறோமே, அந்த வேலைக்கு என்ன பெயர்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றதிலிருந்து வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை இது. அவசரத்தில் எதையாவது போட்டுவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம் என்று ஐயா எழுதியதை வழிமொழிகிறேன்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொண்டுசேர்ப்பு. வினையாக வரும்போது, கொண்டுசேர். நீங்கள் முன்வைத்த சொற்களின் வழியாகத்தான் நானும் இதற்கு வந்தேன். ஆகவே அவற்றை எடுத்துக்கொண்டே பேசுகிறேன்.

> ‘கோப்புப் பரிமாற்றம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. புதுச்சொல் எதற்கு?

புழக்கத்தில் உள்ளதை மாற்றக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடு. எஃப்.டி.பி.யை நாம் ‘கோப்புப் பரிமாற்ற நெறிமுறை’ என்கிறோம், அது அப்படியே இருக்கட்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண், கணினி வலையமைப்பு நெறிமுறைகளை முன்வைக்கும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையில் 114-ஆவதாக 1971 ஏப்ரலில் எழுதி வெளியிட்ட நெறிமுறை அது. தொலைவில் உள்ள கணினியிலிருந்து கோப்பை எடுக்கவும் அதற்கு வழி உண்டு, அங்கே கொண்டுபோய் வைக்கவும் வழி உண்டு. போக்கும் வரத்தும் இருப்பதால் ‘பரிமாற்றம்’ அங்கே பொருந்துகிறது. கருத்துப் பரிமாற்றம் என்றால் நீங்கள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்வேன். ஆனால் கீல் உடைந்து மூலையில் கிடக்கும் மடிக்கணினிக்கு நாம் திருப்பிக் கொடுப்பது எதுவுமில்லை. இது ஒருவழிப் பயணம்.

> ‘தரவு வலசை’ எப்படி? பறவைகள் போவதற்கு இருக்கிற அழகான சொல்தானே?

தம்பி, அழகான சொல் என்பதில் ஐயமே இல்லை. நானும் அரைநாள் அதையே மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வலசை போன பறவை திரும்பி வரும். வேடந்தாங்கலுக்கு ஆண்டுதோறும் வந்து கூடுகட்டி, குஞ்சு பொரித்துத் திரும்புவதால்தான் அது வலசை. தவிர, பறவை தானாகப் போகிறது. கோப்பு தானாகப் போகாது. ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் செல்ல வேண்டும்.

‘கடத்தல்’ பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இயற்பியல் பாடத்தில் வெப்பக் கடத்தலும் மின்கடத்தலும் நன்றாகவே நிற்கின்றன. ‘உங்கள் கோப்புகள் கடத்தப்படுகின்றன’ என்று திரையில் வந்தால் என் அம்மா கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிடுவார்.

> ‘தரவு இடப்பெயர்வு’ என்று போடலாம். விக்கியிலும் அந்த வழக்கு உண்டு.

இதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எழுதிய மறுமொழியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டவர்களுக்காக இங்கே மீண்டும் தருகிறேன்:

> > எங்கட பக்கம் இடப்பெயர்வு எண்டால் 95 ஒக்ரோபர் 30. சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தில நகர ஏலாமல் நிண்ட சனம். எங்கட கணனியில ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லு வரவேணுமோ?

இதைப் படித்த பிறகு எனக்கு இரண்டாவது யோசனை வரவில்லை. ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சொல்லைச் சுமந்து நடந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நாம் செய்வது தமிழ்நாட்டுக்கு மட்டுமான தமிழாக்கமும் அல்ல. ‘மீள்குடியேற்றம்’, ‘குடியேற்றம்’ ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகவே விட்டுவிடலாம். அக்கா, அந்த மடலை எழுதியதற்கு நன்றி.

இனி ஐயாவின் ‘பெயர்ப்பு’. இந்த இழையில் வந்தவற்றில் ஆழமான பரிந்துரை அதுதான். பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. ஆகவே ‘பெயர்வு’ வேண்டாம், ‘மொழிபெயர்ப்பு’ போலக் ‘கோப்புப் பெயர்ப்பு’ என்போம் என்று எழுதியிருந்தீர்கள். ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் புது ஓலையில் படியெடுப்பதைப் ‘பெயர்த்தெழுதுதல்’ என்று சொல்லும் வழக்கையும் எடுத்துக்காட்டினீர்கள். அந்தப் பத்தியைப் படித்ததும் சிலிர்த்தது. நாம் செய்கிற வேலையும் அதுவேதான். ஓலையைக் கறையானும் பூச்சியும் அரிக்கும், எழுத்து மங்கும், ஆகவே ஒரு தலைமுறை தவறாமல் புது ஓலைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாமல் விட்டதெல்லாம் போய்விட்டது. வன்தட்டின் கதையும் வேறல்ல.

இருந்தாலும், ஐயா, திரையில் அது நிற்காது. ‘கோப்புப் பெயர்’ என்பது ஃபைல் நேம். ‘கோப்புப் பெயர் மாற்று’ என்பது ரீநேம். இவற்றுக்கு நடுவே ‘கோப்புப் பெயர்ப்பு’ என்று ஒரு பொத்தான் வந்தால், வேகமாகப் படிக்கிறவர் கண் ‘பெயர்’ என்பதிலேயே நின்றுவிடும். சிறிய திரையில் வரி மடங்கி ‘கோப்புப் பெயர்’ மேலேயும் ‘ப்பு’ கீழேயும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். என் மைத்துனரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். “ஃபைலுக்குப் பேர் வைக்கிறதா?” என்றார்.

ஆனால் உங்கள் மடலிலிருந்து வேறொரு சொல்லை எடுத்துக்கொண்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ‘சேர்ப்பு’ என்ற பகுதியில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது அப்போதுதான் புரியும்.

அப்பாவிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து அதில் வைத்திருந்தார். மூடி சரியாக நிற்காது, ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார். புதுக்கணினி வாங்கியதும் மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் ஒரு பென்டிரைவில் முயன்றேன். தங்கை கல்யாண வீடியோ ஆறு ஜிபி. பென்டிரைவில் இருபது ஜிபி காலியாக இருந்தும் ஏற மறுத்தது. அது ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவ், அதில் தனிக் கோப்பு ஒன்று நான்கு ஜிபியைத் தாண்ட முடியாது. சரி என்று மடிக்கணினியின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, வன்தட்டை உருவி எடுத்து, சாட்டா–யூ.எஸ்.பி. இணைப்பி வழியாகப் புதுக்கணினியில் செருகினேன். டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் இழுத்துப் போட்டேன். பச்சைப் பட்டை நிரம்பியது. நூறு விழுக்காடு. பழைய வன்தட்டைத் துடைத்து, லினக்ஸ் நிறுவி, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் படிக்கக் கொடுத்தாயிற்று.

ஒரு வாரம் கழித்து அப்பா கூப்பிட்டார். பாட்டுக் கோப்பைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தாக வருகிறது என்றார். அவர் ஊர் டிடிபி கடையில் கற்றுக்கொண்டது பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டும் பழைய முறை. அந்த எழுத்துரு புதுக்கணினியில் இல்லை. ‘அம்மா’ என்று அவர் அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. அதைச் சரிசெய்ய முடிந்தது. எழுத்துருவை நிறுவி, பிறகு எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக் கொடுத்தேன்.

இன்னொன்றைச் சரிசெய்ய முடியவில்லை. பெரிய அத்தை பாடிய நடவுப் பாட்டுகளை அப்பா கைப்பேசியில் பதிந்து, மடிக்கணினியின் ‘டி’ டிரைவில் போட்டு வைத்திருந்தார். டெஸ்க்டாப்பில் இருந்தவை அவற்றைச் சுட்டும் குறுவழிகள் (ஷார்ட்கட்) மட்டுமே. நான் குறுவழிகளைத்தான் நகலெடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோபைட். பத்து நிமிடப் பாட்டு இரண்டு கிலோபைட்டில் இருக்காது என்று அன்றைக்கே கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. அப்பா அந்தப் பெயர்களை இருமுறை சொடுக்கியபோது, சுட்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்று கணினி சொன்னது. அத்தை அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

நகலெடுக்கும் வேலை எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது. பச்சைப் பட்டை பொய் சொல்லவில்லை. நான் செய்ய வேண்டிய வேலைதான் முடியவில்லை. ‘நகலெடு’, ‘நகர்த்து’ என்ற இரண்டும் நம் மென்பொருள்களில் ஏற்கெனவே உள்ளன, நல்ல சொற்கள். ஆனால் இரண்டும் கை செய்கிற செயலைச் சொல்கின்றன. பொருள் போய் நின்ற இடத்தைச் சொல்வதில்லை. நமக்குத் தேவையானது, எடுத்தவரிடமிருந்து உரியவரிடம் பத்திரமாக ஒப்படைப்பதையும் உள்ளடக்கிய சொல். “புள்ளையப் பத்திரமா கொண்டுபோய்ச் சேத்துட்டேன்” என்று சொல்கிறோமே, அந்தப் பொறுப்பு அதில் இருக்க வேண்டும்.

‘கொண்டுசேர்’ என்பதை நான் உருவாக்கவில்லை. பேச்சில் கிடப்பதை ஒன்றாக எழுதுகிறேன், அவ்வளவே. இடம் என்ற சொல் தேவைப்படும்போது ‘சேரிடம்’ தானாகவே வந்து நிற்கிறது. ஐந்து வயதில் மனப்பாடம் செய்த சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘கோப்பு சேரிடத்துக்கு மிகப் பெரியது’ என்று அன்றைக்கு அந்தப் பென்டிரைவ் சொல்லியிருந்தால் அப்பாவுக்கே புரிந்திருக்கும்.

நடப்பு நிலையைக் காட்டும் வரி: ‘4,180 கோப்புகளில் 312 வந்து சேர்ந்தன’. இங்கே ஒரு எச்சரிக்கை. ‘போய்ச் சேர்ந்தன’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ‘போய்ச் சேர்ந்தார்’ என்றால் ஊர்ப்பேச்சில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். நல்லவேளையாக இந்தச் செய்தி புதுக்கணினியின் திரையில்தான் வரும், ஆகவே ‘வந்து’ என்பதே முறை. கடிதம் வந்து சேர்ந்தது, பணம் வந்து சேர்ந்தது என்பதுபோல.

சொல்லில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ‘கோப்பைச் சேர்’ என்று ஆட் ஃபைலுக்குப் போட்டிருக்கிறோம், அதனோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டார். ‘கொண்டு’ முன்னால் இருக்கும்வரை குழம்பாது என்பது என் எண்ணம். அதனால்தான் இடம் போதவில்லை என்று அதைச் ‘சேர்ப்பு’ எனச் சுருக்கக்கூடாது என்கிறேன். ஒரே சொல்லாக எழுத வேண்டும், பிரித்து எழுதினால் வரி மடங்கும் இடத்தில் பொருள் உடையும். பெரிய நிறுவனங்களின் தரவுத்தளங்களை ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) இன்னொன்றுக்கு மாற்றுவதற்கும் இதையே வைக்கலாமா என்றால், தயங்குகிறேன். ‘தரவுத்தளக் கொண்டுசேர்ப்பு’ நாக்கில் உருளவில்லை. அந்தத் துறையில் அன்றாடம் வேலை செய்கிறவர்கள் தங்கள் வாயில் வருவதைச் சொல்லட்டும். நம் வரி வீட்டில் ஒரு பழைய பெட்டியும் ஒரு புதிய பெட்டியும் வைத்திருப்பவருக்கானது.

இப்போது ஐயாவிடமிருந்து எடுத்த சொல்: ஒப்புநோக்கு. சுவடியைப் பெயர்த்தெழுதிய பின் ஒருவர் மூலத்தைப் படிக்க இன்னொருவர் படியைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அச்சகங்களில் இன்றும் ‘ஒப்புநோக்குதல்’ என்றுதான் சொல்கிறார்கள். நம் உதவிப் பக்கத்தில் ‘வெரிஃபை’ என்று வருகிற படிக்கு ‘சரிபார்’ என்று பொதுவாகப் போட்டிருக்கிறோம். அதை ‘ஒப்புநோக்கு’ என்று மாற்றலாம். மென்பொருள் அங்கே செய்வதும் அதையேதான். இரு பக்கத்திலும் கோப்புகளை எண்ணுகிறது, அளவைப் பார்க்கிறது, ஒவ்வொன்றுக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்ற கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு இரண்டையும் ஒத்துப் பார்க்கிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எடுக்காமலே விட்ட ‘டி’ டிரைவை அது காட்டிக்கொடுக்காது. ஆகவே அந்தப் படிக்கு மேலே ஒரு வரியைச் சேர்க்க மூல ஆசிரியர்களிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்: ‘பழைய கணினியின் எல்லா டிரைவுகளையும் தேர்ந்தெடுத்தீர்களா? பழைய தமிழ் எழுத்துருக்களையும் எடுத்துக்கொண்டீர்களா?’ இரண்டாவது கேள்வி தமிழ்ப் பதிப்புக்கு மட்டும் வரும்.

வரிகளை இப்படி வைத்திருக்கிறேன். தலைப்பு: ‘புதிய கணினிக்குக் கொண்டுசேர்ப்பு’. பொத்தான்: ‘கொண்டுசேர்’. அடுத்த பொத்தான்: ‘ஒப்புநோக்கு’. முடிந்ததும் வரும் செய்தி: ‘எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்தன, ஒப்புநோக்கப்பட்டன. பழைய கணினியை இப்போதே அழிக்க வேண்டாம்.’

அந்தக் கடைசி வாக்கியம் ஆங்கில மூலத்தில் இல்லை. அதையும் கேட்டிருக்கிறேன்.

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ‘கொண்டுபோய்ச் சேர்’ என்று நீங்கள் அங்கே பேச்சில் சொல்வதுண்டா, இல்லை, ‘கொண்டே குடு’ என்பதுதானா? ‘கொண்டுசேர்’ உங்கள் காதுக்கு அந்நியமாக இருந்தால் இந்தச் சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை வரை வரிகளைப் பூட்டாமல் வைத்திருப்பேன்.

அன்புடன்,
திருவாரூரிலிருந்து